மடிப்பக்காவும் மாடி ஜிம்மும்

தெருவுக்கே அவள் மடிப்பக்கா. அவள் தேய்த்துக் கொடுத்த கால்சட்டையின் மடிப்பு உட்கார்ந்து எழுந்தாலும் கலையாது, பஸ்ஸில் நசுங்கினாலும் கலையாது. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், முதல் நாள் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் முந்தின நாளே சட்டையோடு அவளிடம் வந்து நிற்பார்கள். வேலை கிடைத்தால் அது அவரவர் திறமை. கிடைக்காவிட்டால் மட்டும் அக்கா தேய்த்த சட்டை ராசியில்லை. இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டு போக மிச்சமான இடத்தைக் கடை என்று சொல்லி வாடகைக்கு விட்டிருந்தார்கள். உள்ளே ஒரு துவைக்கும் மெஷின், கம்பளியும் அதன்மேல் பழைய படுக்கை விரிப்பும் போர்த்திய நீள மேசை, ஆவி வரும் இஸ்திரிப் பெட்டி ஒன்று, ஆவி வராத பழைய பெட்டி ஒன்று. தலைக்கு மேலே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓர் இரும்புக் கம்பி. தேய்த்த சட்டையை ஹேங்கரில் மாட்டி அந்தக் கம்பியில் தொங்கவிட வேண்டும். மூன்றாவது ஆள் உள்ளே நுழைந்தால் இருவரில் ஒருவர் வெளியே போய்த்தான் தீர வேண்டும்.

இந்த வேலையை அவள் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் தேய்ப்புப் பிரிவில் கற்றாள். பதினோரு வருடம் நின்றது நின்றபடி தேய்த்தாள். ஒரு திங்கட்கிழமை போனபோது கேட்டில் பூட்டு தொங்கியது. அழுகிறவர்கள் அழுதார்கள், கத்துகிறவர்கள் கத்தினார்கள். அவள் செவ்வாய்க்கிழமை இந்த இடத்தைப் பிடித்துவிட்டாள். சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பொந்துக்குள்ள யாரு வருவா?" என்றார். பதினாறு வருடமாக வந்துகொண்டிருக்கிறார்கள். வேன் முதலாளிதான் வேனை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

அப்படிப்பட்டவளுடைய வலது கை ஒரு நாள் காலையில் பாதி வழியில் நின்றுவிட்டது. சட்டையைக் கம்பியில் மாட்டக் கையைத் தூக்கினாள்; தோள் மட்டத்துக்கு மேல் கை போகவில்லை. வலித்தால்கூடப் பரவாயில்லை, பல்லைக் கடித்துக்கொள்ளலாம். இது யாரோ உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டதுபோல நின்றது. தோள்பட்டை இறுகிவிட்டது என்றார் டாக்டர். பொது மருத்துவமனையில் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

பன்னிரண்டு தடவை போனாள். அங்கே சிகிச்சை கொடுத்த பெண் கையை முறுக்கிய முறுக்கில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மடிப்பக்கா அழவில்லை. பன்னிரண்டாவது நாள் அந்தப் பெண் சொன்னாள்: "இங்க ஒருத்தருக்கு இவ்வளவுதாங்க குடுக்க முடியும். அடுத்த முறை வர ஏழு மாசம் ஆகும். ஆனா நீங்க அவ்வளவு நாள் சும்மா இருக்கக் கூடாது. ஜிம்ல கயித்தப் பிடிச்சு எடை இழுக்கற மெஷின் இருக்கும். தினம் இருபது நிமிஷம், அரைக் கிலோ அரைக் கிலோவா ஏத்தி, அஞ்சு மாசம் இழுங்க. கை முழுசா வந்துடும். விட்டீங்கன்னா இறுகினது இறுகினதுதான்."

இறுகினது இறுகினதுதான் என்றால் கடை மூடினது மூடினதுதான் என்று அர்த்தம். அதை யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கையால் அழுத்தித் தேய்க்கவும் முடியாததால், அதற்குள் கணவர் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருந்தார். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது. ஆனால் அவர் தேய்த்த கால்சட்டையில் காலுக்கு இரண்டு மடிப்பு விழுந்தது. ஒரு வாடிக்கையாளர் விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல எந்த மடிப்பு அண்ணே என்னோடது?" என்று கேட்டார். இருபது வருடம் இருக்கையில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. எட்டு மணி நேரம் குனிந்து தேய்த்ததில் இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போனதும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையோடு பேசினார்.

மெஷின்தானே, நானே செய்கிறேன் என்று கடையின் கம்பியில் ஒரு கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் தண்ணீர் வாளியைக் கட்டினார். அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தண்ணீர் ஊற்றலாம் என்பது திட்டம். நல்ல திட்டம். இரண்டாவது இழுப்பிலேயே வாளி சாய்ந்து, தேய்த்து அடுக்கியிருந்த பதினெட்டுச் சட்டைகளும் குளித்தன. அவள் திட்டவில்லை. அவர்தான் ராத்திரிச் சாப்பாடு வரை தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

இத்தனைக்கும் அந்த மெஷின் எங்கோ தூரத்தில் இல்லை. சரியாக அவள் தலைக்கு மேலே இருந்தது. முதல் மாடி முழுக்க ஜிம். நாள் முழுக்க அங்கே யாராவது எடையைத் தொப்பென்று போடுவார்கள். கீழே ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இரண்டு வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள் முதல் தடவையாகப் படியேறினாள்.

ஜிம் மேனேஜர் முப்பது வயது இளைஞர். கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் நிற்கும் அளவுக்குத் தேறியிருந்தன. முகம் மட்டும் பரீட்சை எழுதப் போகிற முகம். கீழே கடைக்காரி என்று தெரியும், அதனால் உட்காரச் சொன்னார்.

"ஒரே ஒரு மெஷின் போதும் தம்பி. இருபது நிமிஷம். மாசம் எவ்வளவு?"

"மாசக் கணக்கு கிடையாதுக்கா. வருஷத்துக்குத்தான். மொத்தமா முதல்லயே கட்டிடணும்."

அவர் சொன்ன தொகை, கடையின் மூன்று மாத வாடகை. அதற்கு எத்தனை உருப்படி தேய்க்க வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டாள். தேய்க்கக் கை வேண்டும், கைக்கு ஜிம் வேண்டும், ஜிம்முக்குத் தேய்க்க வேண்டும் என்று கணக்கு வட்டமாகச் சுற்றி வந்த இடத்துக்கே வந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள். கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் யார்மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். ஜிம்மில் சேர்ந்தால் ஒரு பச்சை பனியன் இலவசம். அந்தப் பச்சை பனியன்கள் எல்லாம் துவைக்க இவளிடம்தான் வரும். வேர்த்து உழைத்த பனியனின் கழுத்திலும் முதுகிலும் உப்புக் கோடு போட்டிருக்கும், அதை மறைக்க முடியாது. படுத்துத் தூங்கிய பனியனில் முதுகில் குறுக்காகச் சுருக்கம் இருக்கும், உப்பு இருக்காது. யார் உண்மையாகவே ஜிம்முக்குப் போகிறார்கள், யார் பணத்தைக் கட்டிவிட்டுப் பனியனைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள் என்று வீட்டில் இருக்கும் மனைவிக்கோ புருஷனுக்கோ தெரியாதது இவளுக்குத் தெரியும். டாக்டரைப் போல இவளும் வெளியே சொன்னதில்லை.

நாலாவது மாடியில் தனியாக இருக்கும் வங்கி மேடத்தின் பனியன் முழுக்கத் தூக்கச் சுருக்கம். ஒரு நாள் அதோடு வந்த கால்சட்டைப் பையில் ஜிம்மின் விதிமுறைத் தாள் மடித்தபடி இருந்தது. பையில் கிடப்பதைப் படிக்கக் கூடாது என்பது அவள் கடைச் சட்டம். அன்றைக்குப் படித்தாள். ஒரு வரி கண்ணில் பட்டது: உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் இரண்டு முறை ஒரு விருந்தினரைக் கட்டணமின்றி அழைத்து வரலாம், உறுப்பினர் உடன் இருக்க வேண்டும்.

சாயங்காலம் துணி வாங்க வந்த வங்கி மேடத்திடம் தாளைக் கொடுத்தாள். "மேடம், இதப் படிச்சது தப்பு. படிச்சுட்டேன்," என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னாள்.

வங்கி மேடத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நான் அங்க போயே எட்டு மாசமாச்சு அக்கா. எந்த முகத்த வச்சுட்டுப் போறது?"

"என் கூட வந்தேன்னு சொல்லுங்க. பழியத் தூக்கி என்மேல போட்டுடுங்க."

அப்படித்தான் தொடங்கியது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மடிப்பக்கா கயிற்றை இழுத்தாள். வங்கி மேடம் பக்கத்தில் வெட்டியாக நிற்க வெட்கப்பட்டு நடக்கிற மெஷினில் ஏறி நடந்தார். ஒருவருக்கு மாதத்தில் இரண்டு நாள். மடிப்பக்காவின் பனியன் கணக்குப்படி அந்தத் தெருக்காரர்களில் ஜிம்முக்குப் போகாமல் வீட்டில் தூங்குகிற உறுப்பினர்கள் பதின்மூன்று பேர். பதின்மூன்று பேரும் வந்தால் மாதத்தில் இருபத்தாறு நாள் கைக்குக் கிடைக்கும்.

ஒவ்வொருவராக அவள் மடக்கிய விதத்தைத் தனியாக எழுதலாம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் முதலில் நழுவப் பார்த்தார். "எனக்குக் கால் வலிம்மா."

"உக்காந்து மிதிக்கற சைக்கிள் இருக்கு சார்."

"காலையில பேப்பர் படிக்கணும்."

"மிதிச்சுக்கிட்டே படிங்க. பேப்பர் வைக்கத் தாங்கி இருக்கு."

வாத்தியார் தலையைச் சொறிந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளின் சாக்குப்போக்கைக் கேட்டு வளர்ந்தவர். தன் சாக்கு எடுபடவில்லை என்று தெரிந்ததும் கௌரவமாகக் கிளம்பிவிட்டார். இரண்டு முறை போனவருக்குப் பிடித்துப்போய், அப்புறம் விருந்தாளி இல்லாத நாளிலும் போனார். வங்கி மேடமும் அப்படித்தான். கூடப் பிறந்தவளைப்போல யாரோ ஒருத்தி கதவைத் தட்டி "வாங்க போகலாம்" என்று சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான் அவர்களுக்குக் குறை.

இரண்டு மாதத்தில் மடிப்பக்காவின் கை தோளிலிருந்து காது வரை வந்தது. ஆளை விட்டுச் சட்டையை மாட்டச் சொல்லாமல், முக்காலி போட்டு ஏறி அவளே மாட்டத் தொடங்கினாள். இன்னும் ஒரு சாண் ஏறிவிட்டால் முக்காலியும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, விருந்தாளித் திட்டத்த இந்த மாசத்தோட நிறுத்தறோம்."

"நான் ஒருத்தி வர்றதுல என்ன தம்பி நஷ்டம்? ஒரு கயிறு தேஞ்சு போயிடுமா?"

"நீங்க வர்றதுல இல்லக்கா." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கூட்டிட்டு வர்றதுலதான்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் கண்ணாடிக்கு வெளியே காட்டினார். நடக்கிற மெஷின் ஆறுக்கும் ஆள். பின்னால் மூன்று பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முறைத்தபடி நின்றார்கள்.

"மொத்தம் நானூத்திப் பத்துப் பேரு பணம் கட்டியிருக்காங்க. இடம் நூறு பேருக்குத்தான். மீதிப் பேரு வரமாட்டாங்கங்கற தைரியத்துலதான் இந்தக் கட்டணமே இவ்வளவு கம்மி. வராதவங்க காசுலதான் வர்றவங்களுக்கு மெஷின் ஓடுது. எல்லாரும் வந்துட்டா முதலாளி ஒண்ணு மெஷின் வாங்கணும், இல்ல கட்டணத்த ஏத்தணும். ரெண்டுக்கும் என் தலைதான் உருளும். வாத்தியார் இப்ப தினம் ரெண்டு மணி நேரம் சைக்கிள விட்டு இறங்கறதே இல்ல. பேப்பர் முழுக்கப் படிச்சு முடிச்சாத்தான் எழுந்திரிக்கறாரு."

மடிப்பக்கா தன் கடையை நினைத்துப் பார்த்தாள். அவள் கடையில் துணியைப் போட்டுவிட்டு வாங்க வராதவர்கள் அவளுக்குத் தலைவலி, இடத்தை அடைத்துக்கொள்வார்கள். இங்கே என்னடாவென்றால் வராதவர்தான் தங்கமான வாடிக்கையாளர். உலகத்தில் இப்படியும் ஒரு வியாபாரமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லை. அவன் வாங்குகிற சம்பளத்துக்கு உண்மையைச் சொன்னதே பெரிது.

எழுந்தவள் கதவருகே நின்றாள். "மத்தியானம் எத்தனை பேரு வருவாங்க தம்பி?"

"பன்னெண்டுலேருந்து மூணு வரைக்குமா? யாரு வருவா. நானும் கொட்டாவியும்தான்."

"லைட்டு, ஏசி?"

"அது எரிஞ்சுட்டுத்தான் இருக்கும். ஒருத்தர் வந்தாலும் வேணும்ல."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "நான் என் தொழிலச் சொல்றேன், கேளுங்க. பெட்டி சூடேறிடுச்சுன்னா நான் தேய்ச்சாலும் கரண்டு போகும், சும்மா நின்னாலும் கரண்டு போகும். அதனால பெட்டி சூடா இருக்கும்போது அவசரத்துக்கு யாராவது ஒரு கைக்குட்டையக் கொண்டுவந்தாக்கூட நான் வேணாம்னு சொன்னதில்ல. அரைக் காசுக்குத் தேய்ச்சுக் குடுப்பேன். அந்த அரைக் காசு முழுக்க லாபம். நீங்க மூணு மணி நேரம் பெட்டியச் சூடாக்கி வச்சுட்டு வெறும் மேசையப் பாத்துட்டு நிக்கறீங்க."

மேனேஜர் அவளையே பார்த்தார்.

"மத்தியானத்துக்கு மட்டும் ஒரு அட்டை போடுங்க. மாசாமாசம் கட்டற மாதிரி. வருஷத்துக்குக் கட்ட முடியாதவங்கதான் இந்தத் தெருவுல பாதிப் பேரு. அவங்கள்ல பாதிப் பேருக்கு மத்தியானம்தான் ஓய்வு. உங்க காலைக் கூட்டத்துல ஒருத்தரும் கூடமாட்டாங்க."

"கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு இனமே இல்லையேக்கா."

"கம்ப்யூட்டர முதலாளி சொன்னா மாத்த மாட்டாங்களா? நீங்க எழுதிப் போடுங்க."

அவர் எழுதிப் போட்டாரா, போடப் பயந்தாரா என்று தெரியாமல் மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தில் கை காதிலிருந்து இரண்டு விரற்கடை இறங்கியது. வங்கி மேடம் தன் காசில் கட்டுகிறேன் என்றார், மடிப்பக்கா கேட்கவில்லை. "இன்னிக்கு வாங்கினா நாளைக்கு உங்க துணிக்கு நான் எப்படி மேடம் காசு கேப்பேன்?" என்றாள். பிடிவாதக்காரி என்று வீட்டுக்காரர் சொல்வது இந்த இடத்தில் சரிதான்.

நாலாவது வாரம் மேனேஜர் படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி வந்தார். முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மதிய அட்டை. மாதக் கட்டணம், நாற்பது உருப்படி தேய்த்தால் வருகிற காசு. முதலில் ஆறு மாதத்துக்குச் செய்து பார்ப்பது. ஆனால் ஒரு கண்டிஷன்: மொத்தம் இருபது அட்டைதான். அதற்கு மேல் ஓர் ஆள் கூடினாலும் மதியத்துக்கு இன்னொரு பயிற்சியாளரைப் போட வேண்டும், அது முடியாது. சனிக்கிழமைக்குள் பெயர் வேண்டும்.

"ஆள் சேருமாக்கா? சேரலைன்னா என்னைத்தான் கேப்பாரு."

"பட்டியல நான் தர்றேன்," என்றாள் அவள்.

அன்றைக்கே ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். துணி கொடுக்க வருகிறவர்களிடமும் வாங்க வருகிறவர்களிடமும் விசாரித்தாள். எதிர்வீட்டு நர்ஸ் ராத்திரிப் பணி முடித்துப் பகலில் தூங்கி எழுந்து, மத்தியானம் குண்டாகிறேனே என்று கண்ணாடியைப் பார்த்து வருத்தப்படுகிறவள், அவளைப் போட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுநர், காலைப் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலைப் பிள்ளைகளுக்காக மரத்தடியில் தூங்குகிறவர், அவரைப் போட்டாள். பக்கவாதம் வந்து இடது கால் இழுக்கிற தபால்காரர். இரண்டு பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு விட்டுப்போன காய்கறிக்கடைக்காரி. கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற இரண்டு பேர். உள்ளே போகக் கூச்சப்பட்டு வாசலோடு நின்ற சமையல்காரரை, "உள்ள இருக்கறவங்களும் நம்மள மாதிரி மூச்சு வாங்கறவங்கதான், வாங்க," என்று சொல்லிப் போட்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் தரையில் மல்லாந்து கிடந்த கணவரைப் பார்த்தாள். முதுகு வலியில் திரும்பிப் படுக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தார். கடைசி வரியை எழுதிப் புத்தகத்தை மூடினாள்.

சனிக்கிழமை மதியம் மேனேஜர் பட்டியலை வாங்கக் கடைக்கு வந்தார். கணவர் மேசையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். இடம் இல்லாததால் மடிப்பக்கா வாசல்படியில் நின்றாள். மேனேஜர் சத்தமாகப் படித்துக்கொண்டே போனார். ஒவ்வொருவருக்கும் அவள் ஒரு வார்த்தை சொன்னாள், அவர் தலையாட்டினார். பத்தொன்பதைப் படித்தார். "இருபது, அண்ணன்," என்று படித்துவிட்டுக் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

கணவர் நிமிர்ந்தார். "யாரு, நானா?"

"முதுகு வலிக்குதுன்னு முனகறீங்களே," என்றாள் அவள்.

மேனேஜர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். சிரிப்புப் போய்விட்டது. "அக்கா, உங்க பேரு எங்க?"

"அது அங்கதான்," என்று சொன்னவள் நிறுத்தினாள்.

தேய்க்கிறவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஊர்த் துணி எல்லாம் முடிந்த பிறகுதான் சொந்தத் துணி. பெட்டி ஆறுவதற்குள் நேரம் இருந்தால் தேய்ப்பார்கள். இல்லாவிட்டால் கசங்கியதையே உடுத்திக்கொண்டு போவார்கள். அவளும் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். கடைசி வரியில் அவருடைய முனகல் வந்து உட்கார்ந்துவிட்டது. தன்னுடையது என்று ஒன்று பாக்கி இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

"யாரையாவது எடுத்துடலாமா?" என்றார் மேனேஜர். "இருபத்தொண்ணு முடியாதுக்கா. நான் கெஞ்சியும் பாத்துட்டேன்."

அவள் தாளைக் கையில் வாங்கினாள். தபால்காரரின் காலைப் பார்த்தாள். காய்கறிக்கடைக்காரியின் இடுப்பைப் பார்த்தாள். கூட்டித் துடைக்கிறவர்கள் திங்கட்கிழமைக்கென்று பழைய ஷூ வாங்கி வைத்திருந்தார்கள். எல்லோரிடமும் வாங்க வாங்க என்று சொல்லிவிட்டு, இப்போது யார் வீட்டுக் கதவைத் தட்டி வராதீர்கள் என்று சொல்வது.

"இருக்கட்டும் தம்பி," என்றாள். "ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்." ஆறு மாதத்தில் கை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று பார்த்தாள், முடியவில்லை.

கணவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, மேனேஜரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். அவள் கையிலிருந்த தாளை வாங்கி இருபதாவது வரியை அடித்தார். பக்கத்தில் அவளுடைய பெயரை எழுதினார்.

"என்னங்க பண்றீங்க? உங்க முதுக யாரு பாக்கறது?"

"என் முதுகு எப்போலேருந்து வலிக்குது?"

அவள் தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

"உன் கை நின்ன அன்னிலேருந்து," என்றார் அவர். "நீ செய்யற வேலைய நான் செய்யறதாலதான் வலிக்குது. உன் கை வந்துடுச்சுன்னா நான் ஏன் இங்க நிக்கப்போறேன்? எனக்கு அட்டையே உன் கைதான். போய்ச் சேரு."

சொல்லிவிட்டுத் தாளை மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஏதோ வேலை இருப்பதுபோல வேகமாக மேலே போய்விட்டார்.

மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் கையை முறுக்கியபோது அழாதவள், வாசல்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். முதுகு மடங்கவில்லை. அதனால் நின்றபடியே அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.